டாக்டரம்மா வீட்டுப் பீரோ

அழகிரி குடியை விட்டு ஒன்பது மாதமாகியும் அவன்மேல் வீசிய வாசனை அவனை விடவில்லை.

அவன் தொழில் அப்படி. திருச்சி பாலக்கரையில் ஹனீஃபா பாயின் மரச்சாமான் பட்டறையில் அவன் பாலிஷ் போடுகிறவன். ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து, பஞ்சை மெல்லிய துணியில் பொட்டலமாகக் கட்டி, அதில் நனைத்து நனைத்துத் தேக்குப் பலகைமேல் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். நூறு தடவை, சில பலகைக்கு இருநூறு தடவை. சாயங்காலம் சோப்புப் போட்டுக் குளித்தாலும் சட்டையிலும் நகக்கண்ணிலும் ஸ்பிரிட் வாசனை தங்கிவிடும். மதுவிலக்கு வந்து கள்ளுக்கடைகள் மூடிப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகியிருந்தது. மற்றவர்கள் ஒளிந்து ஒளிந்து தேடிப் போகிற சரக்கு பாலிஷ்காரன் கைக்குத் தானே வந்து சேரும். அதைக் குடிக்கவும் ஒரு வழி இருக்கிறது என்று அழகிரிக்குக் காட்டிக்கொடுத்தவன் கூட வேலை பார்த்த பிச்சமுத்து. போன ஆடியில் பிச்சமுத்துவுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன.

அழகிரிக்குக் கண் தப்பியது. மனைவியும் மகளும் போய்விட்டார்கள். அதுவும் தூரதேசமில்லை. காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்துக்கு.

சிந்தாமணியில் அவன் குடியிருந்த ஓட்டு வீட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் ஆற்றங்கரை. எதிர்க்கரைத் தென்னைகளுக்கு மேலே கோயிலின் கட்டி முடிக்காத மொட்டைக் கோபுரம் தெரியும். அதற்கு மேற்கே மேலூர் ரோட்டில் மச்சான் நல்லுசாமியின் வீடு. ஜட்கா வண்டிக்காரரான நல்லுசாமி தங்கையையும் அவள் பெண்ணையும் அங்கே வைத்திருந்தார். இந்நேரம் ரங்கநாயகி விளக்கேற்றியிருப்பாள், வள்ளிக்கண்ணுவுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பாள் என்று கரையில் உட்கார்ந்து நினைத்துக்கொள்வான். பாலத்தின் மேல் நடந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பஸ்ஸில் போனால் பத்து நிமிஷம்.

கல்யாணமான புதிதில் ரங்கநாயகி பட்டறைக்கே சோறு கொண்டு வருவாள். ஒருநாள் அவன் ஒரு கட்டிலின் தலைப்பலகைக்குக் கடைசிப் பூச்சுப் போட்டு முடித்திருந்தான். அவள் குனிந்து அதில் முகம் பார்த்தாள்.

"கண்ணால பாக்காதே ரங்கம். கண்ணு ஏமாந்துடும். விரல் நுனியால பாரு," என்றான்.

பொட்டலம் பலகைமேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவளுக்கு விளக்கினான். ஓட்டத்தோடு இறங்கி, ஓட்டத்தோடு விளிம்பைத் தாண்ட வேண்டும். நடுவில் ஒரு நொடி நின்றாலும் அடியிலிருக்கும் பூச்சு இளகி ஒட்டிக்கொண்டு தழும்பு விழுந்துவிடும். பட்டறையில் அதற்குக் கை நின்ன இடம் என்று பெயர். அவள் கண்ணை மூடிக்கொண்டு பலகை முழுவதையும் விரலால் தடவினாள். "எங்கயும் கை நிக்கலை," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த மாதம் முழுவதும் அவன் ஒழுங்காக வேலை செய்தான்.

பிறகு குடி வந்தது. கை நிற்க ஆரம்பித்தது. செய்து அனுப்பிய மேஜைகள் திரும்பி வந்தன. வீட்டுக்குப் போனால் அவள் முகம் சுளிப்பாள். "வேலை வாசனைடி. ஸ்பிரிட்டுல நாளெல்லாம் கிடக்கிறேன், பின்ன பன்னீரா மணக்கும்?" என்று சொல்லுவான். ஆறு வருஷம் அந்த ஒரே பதிலைச் சொன்னான். முதல் வருஷம் அவள் நம்பினாள்.

சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டு மூன்று முறை காப்புக் கயிறு கட்டிக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் நாற்பத்தெட்டு நாள். அந்த நாட்களில் ஒரு சொட்டுத் தொட மாட்டான். சாமிக்குக் கட்டிய கயிறு ஆயிற்றே. சுவரில் கரியால் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வருவான். ரங்கநாயகியும் எண்ணுவாள். அவன் கயிறு அவிழ்க்கும் நாளுக்காக எண்ணினான், அவள் அந்த நாள் வரக் கூடாது என்று எண்ணினாள்.

மூன்றாவது கயிறு முடிந்த நாள் சித்திரைத் தேருக்கு மறுநாள். ரங்கநாயகிக்குக் காய்ச்சல். அவன் ஐந்து வயது வள்ளிக்கண்ணுவை மட்டும் அழைத்துக்கொண்டு சமயபுரம் போனான். கோயிலில் கயிற்றை அவிழ்த்தான், குழந்தைக்குப் பொரி வாங்கிக் கொடுத்தான். கூட்டத்தில் பிச்சமுத்து நின்றிருந்தான், மடியில் பாட்டிலோடு. ஒரு வளையல் கடை ஓரத்தில் குழந்தையை நிற்கச் சொல்லிவிட்டு இருவரும் பின்பக்கம் போனார்கள்.

மூன்று மணிக்கு அழகிரி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டான். ரங்கநாயகி காய்ச்சலோடு எழுந்து வந்து, "பிள்ளை எங்க?" என்று கேட்டாள். அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அவள் திரும்பவும் கேட்டாள். அவன் யோசித்துப் பார்த்தான்.

அவள் அண்ணன் வண்டியில் சமயபுரம் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். வளையல் கடைக்காரி வீராயி என்பவள் குழந்தையைத் தன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். அழுகையை நிறுத்துவதற்காக இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் போட்டுவிட்டிருந்தாள். குழந்தை அழுவதை எப்போதோ நிறுத்தியிருந்தது. ரங்கநாயகி அங்கிருந்து சிந்தாமணிக்குத் திரும்பவில்லை. நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் துணிமணி எடுக்க ஒரே ஒரு முறை வந்தாள். வாசற்படியில் நின்று சொன்னாள்.

"இனிமே கயிறு மட்டும் கட்டிக்காதீங்க. உங்க கயிறைப் பாத்து நானும் ஏமாந்து, அந்த ஆத்தாளும் ஏமாந்தது போதும்."

அன்றைக்கு நிறுத்தினான். கயிறு கட்டவில்லை, சுவரில் கோடு போடவில்லை, யாரிடமும் எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. பட்டறைக்குப் போய் ஸ்பிரிட் டின் வைத்திருக்கும் அலமாரியின் சாவியை ஹனீஃபா பாயிடம் நீட்டினான். அதுவரை அது அவனிடம்தான் இருந்தது.

"இது உங்ககிட்ட இருக்கட்டும் பாய். காலையில அளந்து ஊத்திக் குடுங்க. நான் எத்தனை கேட்டாலும் மேல குடுக்காதீங்க."

ஹனீஃபா பாய் சாவியை வாங்கி இடுப்பு பெல்ட்டில் கோத்துக்கொண்டார். "என் பொண்டாட்டிக்கே நான் சாவி குடுக்கிறதில்லை, உனக்கா குடுக்கப் போறேன்," என்றார்.

முதல் வாரம் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கை ஆடியது, உடம்பு வேர்த்தது, பூச்சி ஊர்வதுபோல் இருந்தது. பாய் அவனைப் பாலிஷ் பக்கம் விடாமல் உப்புத்தாள் தேய்க்க வைத்தார். இரண்டாம் மாதம் பசி வந்தது. பழைய சோற்றுக்கு மோர் ஊற்றிச் சாப்பிட்டபோது மோருக்குப் புளிப்பு உண்டு என்பதே புதிதாகத் தெரிந்தது. தூக்கம் வந்தது. தூக்கத்தோடு நினைவும் வந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. குடித்த நாட்களில் செய்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்தவன் எதிரே நின்றன. ரங்கநாயகியின் வெள்ளிக் கொலுசை விற்றது. வள்ளி பிறந்த அன்று மாமியார் முகத்தில் முழிக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வெளியே மரத்தடியில் கிடந்தது. ஒருமுறை ரங்கநாயகி அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதபோது அவளை ஒரு சாமானை நகர்த்துவதுபோல நகர்த்திவிட்டுப் போனது.

ஆடியில் பிச்சமுத்துவுக்குக் கண் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அழகிரி அவனைக் கைபிடித்து ஆற்றுக்குக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டினான். தினத்தாளை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினான். பிச்சமுத்து ஒருநாள், "உனக்கு என்மேல கோவமில்லையாடா?" என்று கேட்டான். அழகிரி யோசித்துவிட்டு, பாட்டிலை நீட்டினது நீ, வாங்கினது என் கை என்று சொன்னான்.

புரட்டாசியில், ஐந்தாவது மாதம், அவன் தைரியம் பண்ணிக்கொண்டு மேலூர் ரோட்டுக்குப் போனான். கை நடுக்கம் போயிருந்தது, பாலிஷ் வேலைக்குத் திரும்பியிருந்தான், உடம்பும் தேறியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு தப்புச் செய்தான். பட்டறையிலிருந்து நேராக, குளிக்காமல், பொரி உருண்டைப் பொட்டலத்தோடு பஸ் ஏறிவிட்டான்.

நல்லுசாமி வாசலில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். அவனை ஏற இறங்கப் பார்த்தார். மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"மாப்ளே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. குதிரைக்கு மயக்கம் வந்துடப் போவுது. நாளைக்கு நாலு சவாரி இருக்கு."

கதவு பாதி திறந்தது. ரங்கநாயகி நின்றாள். இளைத்திருந்தாள். அவள் பின்னால் குழந்தையின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அவள் முகத்தில் ஒரு கணம் ஏதோ மலர வந்தது. அதற்குள் காற்று அவன் பக்கத்திலிருந்து வீசியது. அவள் மூச்சை இழுத்தாள். அந்த முகம் அணைந்ததை அவன் கண்ணெதிரே பார்த்தான்.

இது வேலை வாசனை என்று சொல்ல வாயெடுத்தான். சொல்ல முடியவில்லை. ஆறு வருஷம் பொய்க்குப் பயன்படுத்திய வார்த்தை அது. இன்றைக்கு அதுவே நிஜம். வேறு வார்த்தை அவனிடம் கிடையாது.

கதவு சாத்திக்கொண்டது. பொரி உருண்டையை வண்டிச் சக்கரத்தின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். பஸ்ஸுக்கு நிற்கவில்லை. பாலத்தில் பாதி தூரம் வந்தபோது, அலமாரிச் சாவி இப்போது தன்னிடம் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தான். சாவி பாயின் இடுப்பில் இருந்தது. வீட்டுக்குப் போய் உலை வைத்தான்.

அதற்குப் பிறகு இரண்டு முறை ஆற்றில் சீயக்காய் தேய்த்துக் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனான். நல்லுசாமி தெருமுனையிலேயே மடக்கித் திருப்பி அனுப்பினார். வேலைக்குப் போயிருக்கிறாள், தெற்குச் சித்திரை வீதியில் டாக்டரம்மா ஒருவர் வீட்டு ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னார். அதையும் கருணையாகச் சொல்லவில்லை. "சம்பாதிச்சுத் திங்கிறா. உங்க தயவு வேணாம்," என்றார்.

தை மாதம் அந்த டாக்டரம்மாவே ஹனீஃபா பாயின் பட்டறைக்கு வந்து ஒரு தேக்கு பீரோ செய்யச் சொன்னார். நோயாளிகளைப் பார்க்கும் அறையில் வைக்க, இரட்டைக் கதவு, உள்ளே ஐந்து தட்டு. மருந்தும் காகிதங்களும் வைப்பதற்கு. தச்சு வேலை முடிந்ததும் பாய் அதைத் தில்லைநகர் பக்கமிருந்து வேறொரு பாலிஷ்காரரை வரவழைத்து முடித்துவிடலாம் என்று நினைத்தார். அழகிரிக்குச் சங்கடம் வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

"நான் போடுறேன் பாய்," என்றான் அழகிரி.

"யோசிச்சுச் சொல்லுப்பா. அந்த வீட்டுல யார் இருக்கான்னு எனக்கும் தெரியும்."

"அதனாலதான் கேக்கறேன். தினம் காலையில அதைத் துடைக்கப் போறது அவதான்."

பாய் அவனைப் பார்த்தார். பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றினார். இது சாதாரண வேலை இல்லை, இஷ்டப்பட்ட நேரத்தில் ஸ்பிரிட் எடுக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் தன்னைத் தேடிக்கொண்டு வர முடியாது என்றார். அழகிரி சாவியை வாங்கத் தயங்கினான். "நான் குடுக்கலை, பீரோ கேக்குது," என்று அவன் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

மூன்று வாரம் வேலை நடந்தது. வெளிப்பக்கம் எல்லோரும் பார்ப்பது. அவன் உள்பக்கத்தில் அதிக நேரம் செலவிட்டான். கதவின் பின்புறம், தட்டுகளின் ஓரம், அடித்தட்டின் மூலை. யாருக்கும் தெரியாத இடங்கள். துடைக்கிற துணிக்கும் துடைக்கிறவள் விரலுக்கும் மட்டும் தெரியும் இடங்கள். மேல் தட்டு எத்தனை உயரம், அவள் எட்டிக் கைவைக்கும்போது முதலில் எங்கே படும் என்று நின்று பார்த்தான். அவள் தோள் அவன் மார்புக்கு வரும். அந்த இடத்தைத் திரும்பவும் தேய்த்தான். அவளிடம் சொல்ல நினைத்த எதையும் சொல்லவிடாமல் கதவு சாத்தப்பட்டிருந்தது. இந்தக் கதவை அவள் தினமும் திறந்தே ஆக வேண்டும்.

கடைசிப் பூச்சில் அரக்கு இருக்காது. வெறும் ஸ்பிரிட்டை மிகக் கொஞ்சமாகத் தொட்டு ஓட்ட வேண்டும். பொட்டலம் வழுக்கத் தொட்ட எண்ணெயின் பசை போய் அப்போதுதான் பலகை கண் திறந்து பளபளக்கும். அது ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் பாயும் மற்றவர்களும் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டார்கள். பட்டறையில் அவன் மட்டும்.

அலமாரியைத் திறந்தான். டின் மூடியைத் திருகியதும் வாசனை நேராகத் தொண்டைக்குள் இறங்கியது. பத்து மாதத்தில் இவ்வளவு தனியாக அதன் எதிரே அவன் நின்றதில்லை. உடம்பு மறக்கவில்லை. நாக்கு ஊறியது. ஒரு வாய், ஒரே ஒரு வாய், தொழுகை முடிய முக்கால் மணி இருக்கிறது என்று எங்கிருந்தோ கணக்குப் போட்டது. எண்ணுகிற அந்தப் பழைய புத்தி. அவனுக்கு அதை நன்றாக அடையாளம் தெரிந்தது.

கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு பீரோவின் இடது கதவுக்கு வந்தான். பொட்டலத்தை நனைத்து உதட்டருகே கொண்டுவந்து ஈரம் பார்த்தான். அது தொழில் வழக்கம். உதட்டில் சில்லென்று படவேண்டும், நனையக் கூடாது. சில்லென்றது. கை சற்றே அங்கே நின்றது. பிறகு பலகையில் இறக்கினான்.

இறக்கியபின் நிற்க முடியாது. நின்றால் தழும்பு. ஒரு கதவு முடிந்ததும் அடுத்தது, அது முடிந்ததும் பக்கப் பலகை. காயும் முன் விட்ட இடத்தில் திரும்பிச் சேர வேண்டும். வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தான். டின் அவனுக்குப் பின்னால் திறந்தே கிடந்தது. வேர்வை மூக்கு நுனியில் நின்றது. அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. பாய் தொப்பியோடு திரும்பி வந்தபோது கடைசி விளிம்பைத் தாண்டியிருந்தான். பாய் முதலில் டின்னைப் பார்த்தார், பிறகு அவன் முகத்தை, பிறகுதான் பீரோவை.

"அல்லா," என்றார் மெதுவாக. "இதுல நான் தாடி ஒதுக்கிக்கலாம் போலிருக்கே."

அழகிரி மூடியைத் திருகி மூடினான். அதன்பின்தான் மூக்கு நுனி வேர்வையைத் துடைத்தான்.

பீரோவை இரட்டை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். கூடப் போய் இறக்கி வைத்துவிட்டு வரச் சொன்னார் பாய். அவன் மாட்டேன் என்றுவிட்டான். தன்னைப் பார்க்காமல் அவள் அதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தான்.

ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. மாசிக் காற்று ஆற்று மணலைக் கிளப்பியது. சாயங்காலம் கரையில் உட்கார்ந்து மொட்டைக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் துடைத்திருப்பாள். துணி வழுக்கிக்கொண்டு போயிருக்கும். அவ்வளவுதான், ஆயா வேலைக்கு ஆயிரம் பொருள், அதில் இது ஒன்று. விரல் நுனியால் பார் என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் சொன்னது யாருக்கு ஞாபகமிருக்கும்? காலையில் எழுந்து வேலைக்குப் போனான். அவளுக்காக மட்டும்தான் நிறுத்தினோமா என்று ஒருநாள் தன்னையே கேட்டுக்கொண்டான். அவள் வராமலே போனாலும் அந்த டின்னைத் திறக்கப் போவதில்லை என்று தெரிந்தது. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அது தெரிந்ததால் ஏக்கம் குறையவில்லை. தெளிந்த தலையோடு ஏங்குவது இன்னும் அதிகமாக வலித்தது.

மாசிக் கடைசி சனிக்கிழமை நல்லுசாமி ஜட்காவைப் பட்டறை வாசலில் நிறுத்தினார். இறங்கவில்லை.

"மாப்ளே, அந்த பீரோவுல ஏதோ கோளாறாம். நாளைக்கு மத்தியானம் வந்து பாக்கச் சொல்லுது."

"டாக்டரம்மாவா?"

"டாக்டரம்மா ஊர்லயே இல்லை," என்று சொல்லிவிட்டு நல்லுசாமி வண்டியைத் திருப்பினார்.

எங்கே கோளாறு என்று அவன் அன்றைக்கெல்லாம் மனத்தால் பீரோவைத் தடவிப் பார்த்தான். வலது கதவின் கீழ் விளிம்பா? உதட்டருகே கை நின்ற அந்த நொடி பலகையில் இறங்கிவிட்டதா?

ஞாயிற்றுக்கிழமை அம்மாமண்டபத்துப் படித்துறையில் குளித்துவிட்டுத் தெற்குச் சித்திரை வீதிக்குப் போனான். நோயாளிகள் இல்லாத அறை அமைதியாக இருந்தது. ஜன்னல் வெயில் பீரோவின்மேல் விழுந்து எதிர்ச் சுவரில் ஆடியது. ரங்கநாயகி பக்கத்தில் நின்றிருந்தாள், கையில் துடைக்கிற துணியோடு.

அவன் அவளைப் பார்க்கத் துணியாமல் பீரோவின் அருகே போய்க் குனிந்தான். "எங்க கோளாறு?"

"தேடிப் பாத்துட்டேன். இல்லை," என்றாள் அவள். "அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன். வெளியில பாத்தேன், உள்ள பாத்தேன், அடித்தட்டு மூலையில கையை விட்டுப் பாத்தேன். பதினஞ்சு நாளாப் பாக்குறேன். ஒரு இடத்துலகூடக் கை நிக்கலை."

அவன் நிமிர்ந்தான்.

"எத்தனை நாளாச்சு?"

"எண்ணலை ரங்கம்."

அவள் அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். கயிறு இல்லை. முன்பெல்லாம் நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் இன்னும் இத்தனை நாள் பாக்கி என்று சொல்லுகிறவன் அவன். அவள் அருகே வந்தாள். அவன் வலது கையைப் பிடித்துத் தூக்கி முகர்ந்தாள். அரக்கும் ஸ்பிரிட்டும். ஆற்றில் குளித்தும் போகாத வாசனை. பிறகு நிமிர்ந்து, கணவன் முகத்துக்கு மிக அருகே தன் முகத்தைக் கொண்டுவந்து மூச்சை இழுத்தாள். பத்து மாதத்துக்குப் பிறகு அவள் கூந்தல் எண்ணெயின் மணம் அவனுக்கு எட்டியது. அவன் அசையாமல் நின்றான்.

"கையிலதான் இருக்கு," என்றாள். குரல் உடைந்திருந்தது. "அன்னிக்கு நான் கை வாசனையை மோந்துட்டுக் கதவைச் சாத்திட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்ல? வேலை வாசனைன்னா?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வரியா?" என்று அவன் கேட்டுவிட்டான்.

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். எனக்காக மட்டும் என்றால் இன்றைக்கே பாலம் தாண்டிவிடுவேன் என்றாள். ராத்திரி மலைக்கோட்டை விளக்கைப் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் அவர் சாப்பிட்டாரோ இல்லையோ என்று நினைக்காத நாள் இல்லை என்றாள். ஆனால் வள்ளி இன்னும் கூட்டத்தைக் கண்டால் உடம்பு விறைத்துப் போகிறாள். கையில் வளையல் போட விடுவதில்லை. அப்பா என்ற பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

"அவ சொல்லணும். நான் சொல்லி ஆகாது," என்றாள். பிறகு பின்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "வள்ளி, இங்க வாம்மா."

குழந்தை வளர்ந்திருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"அப்பாவோட மாம்பழச்சாலை வரைக்கும் போயிட்டு வரியா?" என்று ரங்கநாயகி கேட்டாள். அவள் குரல் சாதாரணமாக இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கைவிரல் மட்டும் வெளுத்திருந்தது. அவனிடம், "விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துடுங்க," என்றாள்.

அழகிரி கையை நீட்டவில்லை. நீட்டினால் குழந்தை பிடிக்காமல் போய்விடுமோ என்று பயந்தான். தெருவில் இறங்கி மெல்ல நடந்தான். சிறிது தூரம் போனதும் சட்டையின் ஓரம் லேசாக இழுபட்டது. குனிந்து பார்க்காமல் நடந்தான்.

மாம்பழச்சாலைக்கு வந்ததும்தான் அன்றைக்குச் சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்குகிறது என்பது நினைவுக்கு வந்தது. பாலத்திலிருந்து ஜனம் வந்துகொண்டே இருந்தது. மஞ்சள் சேலைகள், தலையில் பூக்கூடைகள், மேளம். சட்டை ஓரம் இழுபடுவது நின்றது. திரும்பினான். வள்ளி விறைத்து நின்றிருந்தாள்.

அவன் ரோட்டோரம் மண்டியிட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தான். திரும்பிப் போகலாமா என்று கேட்டான். அவள் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, யாரிடமோ சொல்லுவதுபோலச் சொன்னாள்.

"அன்னிக்கு வளையக்காரம்மா எனக்கு மொச்சை குடுத்தாங்க."

இதுவரை அவள் அந்த நாளைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. அவனுக்குப் பேச்சை மாற்றிவிடலாம், பொரி வாங்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது.

"அப்புறம்?" என்றான்.

அவள் சொன்னாள். மொச்சை உறைப்பாக இருந்தது. அப்பா இந்தப் பக்கமாகத்தான் வருவார் என்று அந்த அம்மா சொன்னார்கள். அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மாதிரி நீலச் சட்டை போட்டவர்கள் ஏழு பேர் வந்தார்கள், ஒருவரும் அப்பா இல்லை. பிறகு கழுத்து வலித்தது. அவன் ஒவ்வொன்றுக்கும் அப்புறம், அப்புறம் என்று கேட்டான். தெளிந்த தலையோடு, ஒரு சொல் விடாமல், அந்த மத்தியானம் முழுவதையும் மகள் வாயால் கேட்டு முடித்தான்.

"அப்பா மேல தப்பு. உன்னை விட்டுட்டுப் போனேன்," என்றான்.

"ம்," என்றாள் வள்ளி. அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

ஒரு பூக்கூட்டம் மேளத்தோடு நெருங்கியது. குழந்தையின் கை வந்து அவன் சுட்டுவிரலைப் பிடித்தது. இறுக்கமாக, நகம் பதியும்படி. மேளம் கடந்து போன பிறகும் அது விடவில்லை.

அவர்கள் திரும்பியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வீதி முனையில் ரங்கநாயகி நின்றிருந்தாள். கால் மாற்றி நின்ற விதத்தைப் பார்த்தால் போன நேரத்திலிருந்தே அங்கே நிற்கிறாள் என்று தெரிந்தது. அவள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை, பிணைந்திருந்த கைகளைத்தான் பார்த்தாள்.

வள்ளி அவன் விரலை விட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினாள். பிறகு அங்கிருந்து திரும்பி, "அடுத்த ஞாயித்துக்கிழமை ஆத்துக்குப் போலாமா?" என்று கேட்டாள். கேள்வி அம்மாவிடமா அப்பாவிடமா என்று புரியாதபடி நடுவில் எங்கோ பார்த்துக் கேட்டாள்.

"அப்பாவைக் கேளு," என்றாள் ரங்கநாயகி.

அவன் தலையை ஆட்டினான். ரங்கநாயகி, "பாத்துப் போயிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு, அவன் தெரு திரும்பும்வரை நின்றாள்.

பாலத்தின் நடுவில் அவன் நின்றான். முன்னே மலைக்கோட்டையில் விளக்கு எரிந்தது. பின்னால் தென்னைகள் இருட்டிக்கொண்டிருந்தன. கையை மூக்கருகே கொண்டுபோனான். அரக்கும் ஸ்பிரிட்டும்தான். சுட்டுவிரலில் மட்டும் நகம் பதிந்த நாலு பிறைகள் இருந்தன, தொட்டால் இன்னும் எரிந்தன.

திங்கள், செவ்வாய், புதன் என்று தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஏழு நாள் இருந்தது. பத்து மாதத்தில் முதல் முறையாக அவன் நாளை எண்ணினான்.